மெழுகுதிரியும் மெய்ம்மையும்

தன்னை உருக்கிப் பிறர்க்கு ஒளிதருவது மெழுகுதிரி என்பது மேடைதோறும் நாம் கேட்டுப் பழகிய உவமை. அதனைக் கூறுவோருள், அத்திரி எப்பொருளால் ஆயது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. கடைகளிற் கிடைக்கும் திரிகளிற் பெரும்பாலன பெட்ரோலியத்தினின்று பிரித்தெடுக்கும் பாரபின் மெழுகால் ஆயவை. தேன்மெழுகு, தவிட்டு மெழுகு முதலிய இயற்கை மெழுகுகளைக் கொண்டு நறுமணத் திரிகளை வீட்டிலேயே வார்க்கும் கைத்தொழில் இந்நாளிற் பரவிவருகின்றது. அதனை யாம் மனமார வரவேற்கின்றோம். அதனோடு உடன் பரவும் பொய்யுரைகளை வரவேற்றிலோம்.

எமது ஊர் அமராவதிக் கரையிலுள்ள தாராபுரம். இத்தொழிற்கு வேண்டுவனவெல்லாம் எம்மூரைச் சூழவே உள்ளன. காங்கயத்தில் நெல்லாலைகளும் தேங்காயெண்ணெய் ஆலைகளும் மலிந்துள்ளன. தவிட்டெண்ணெயைச் சுத்திசெய்யுங்கால் பிரியும் மெழுகு, ஏறக்குறைய 80 பாகை வெப்பத்திலேயே உருகும் வன்மையுடையது. நீலகிரியினின்று தேன்மெழுகும் தைலங்களும் வருகின்றன. பருத்தி நூலைப் பற்றித் திருப்பூர் நாட்டார்க்குச் சொல்ல வேண்டுவதின்று. பனியன் ஆலைக் கழிவுத்துணியே திரிக்குப் போதுமென்பார் உளர். அதிற் சாயமும் செயற்கையிழையும் கலந்திருத்தல் கூடுமாதலின் அது தகாது. சாயமேறாத பருத்தி நூலைப் பின்னிக் கொள்ளுதலே நன்று. பின்னிய திரி எரியுங்கால் வளைந்து, அதன் நுனி சுடரின் ஓரத்தை எய்தித் தானே எரிந்தொழியும்.

சென்ற ஆண்டு எம்மூர்த் தேவாலயத்து அறுப்பின் பண்டிகை விற்பனைக்கென, ஏழை மாணவன் ஒருவனது கல்லூரிச் சம்பளத்திற்கு உதவும் பொருட்டு, நண்பர் சிலரோடு யாம் இத்தொழிலில் இறங்கினோம். தேன்மெழுகு என வாங்கியதனை நேரே அடுப்பிலேற்றாது, கொதிநீர்ப் பாத்திரத்துள் வேறொரு பாத்திரத்தை வைத்து உருக்கினோம். நான்கு பங்கு மெழுகிற்கு ஒரு பங்கு தேங்காயெண்ணெய் சேர்த்து, இறக்கிச் சற்றே ஆறியபின், 200 கிராமுக்கு 10 கிராம் வீதம் எலுமிச்சம்புல் தைலம் கலந்து, கண்ணாடிக் கிண்ணங்களில் வார்த்தோம். முதல்முறை மல்லிகை மலர்களையே மெழுகில் இட்டுப் பார்த்தோம். மணம் வெப்பத்தில் மாய்ந்தது. மலரின் ஈரத்தால் சுடர் வெடித்துச் சிதறிற்று. காய்ந்த இதழ்கள் தாமே திரிகளாகிப் பற்றிக்கொண்டன. மலரை விடுத்துத் தைலத்தைக் கொள்க என்பது அன்று யாம் கற்ற பாடம்.

அதனினும் பெரிய பாடம் பின்னர்க் காத்திருந்தது. "தூய தேன்மெழுகுத் திரி" என்று சீட்டுகளை அச்சிட்டு வைத்தோம். விற்பனைக்கு ஒரு வாரம் முன்னர், எஞ்சிய மெழுகிற் சிறிது கல்லூரி இரசாயனசாலைக்குக் கொணர்ந்தோம். தேன்மெழுகின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 0.96, பாரபினுடையது ஏறக்குறைய 0.90. வெறும் நீரில் இரண்டும் மிதக்கும். சாராயம் கலந்து அடர்த்தியை 0.95 ஆக்கிய நீரிலோ தேன்மெழுகு அமிழும், பாரபின் மிதக்கும். எமது மெழுகு மிதந்தது.

இக்கலப்படம் எங்ஙனம் புகுந்தது? பெட்டிகளில் தேனீ வளர்ப்போர், அடையைச் சிதையாது தேனைச் சுழற்றியெடுத்து, அடையை மீண்டும் தேனீக்களுக்கே கொடுப்பர். ஆதலின் மெழுகு சிறிதளவே கிடைக்கும். அரிதாகலின் விலை ஏறும். விலை ஏறவே கலப்படம் நுழையும்.

"வாங்குவோர் யார் இதனை அறியப் போகின்றனர்? சீட்டு இருக்கட்டும், நற்காரியத்திற்கன்றோ விற்கின்றோம்" என்றனர் நண்பருள் இருவர். விற்றவர் எம்மை ஏமாற்றியது அவர் குற்றம். அறிந்தபின்னும் அச்சீட்டை ஒட்டின், அது எமது குற்றம். "கலப்பு மெழுகு" என்று கையால் எழுதி ஒட்டினோம். விலை பாதியாயிற்று, சில திரிகள் விற்காமலே மீண்டன. குறைந்த தொகையில் ஒரு பகுதியை எம் கைப்பொருளால் நிரப்பினோம், எஞ்சியது நிரம்பவில்லை. அக்குறை எம்மை இன்றும் வருத்துகின்றது. ஆயினும் சீட்டை மாற்றியதற்காக யாம் வருந்தவில்லை.

இயற்கை மெழுகுத் திரி காற்றைத் தூய்மையாக்கும், அதிற் புகையே எழாது என்றெல்லாம் விளம்பரம் செய்வோர் பலர். திரி நீண்டால் எம்மெழுகும் கரி உமிழும். ஏற்றுமுன் திரிநுனியைக் கால் அங்குலமாகக் கத்தரித்தலும், காற்றோட்டமுள்ள அறையில் ஏற்றுதலும் எத்திரிக்கும் வேண்டற்பாலன. இயற்கை என்னும் சொல் மருந்துச் சீட்டன்று. நம் நெல்லும் தென்னையும் பருத்தியும் நம் வீட்டார் கைத்திறனால் ஒளியாகின்றன என்பதே இத்தொழிலுக்குப் போதிய பெருமை.

மார்த்தாண்டத்தில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார், ஸ்பென்ஸர் ஹாட்ச் என்பாரைத் தலைவராகக் கொண்டு, 1920-களில் கிராமத்தார்க்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தனர். கற்றோர் தம் அறிவை ஊரார் தொழிலோடு இணைத்தமைக்கு அஃதோர் எடுத்துக்காட்டு. அவ்வழியில் நமது கல்லூரியும் ஒன்று செய்யலாகும். வீட்டில் திரி வார்க்கும் பெண்டிர் கொணரும் மெழுகை நம் இரசாயனசாலையில் மாதம் ஒருநாள் இலவசமாகச் சோதித்துக் கொடுப்போமாக. வேண்டுவன ஒரு கண்ணாடிக் குவளையும், சிறிது சாராயமும், உள்ளதை உள்ளவாறு உரைக்கும் துணிவுமே. முதலிரண்டும் இரசாயனசாலையில் உள்ளன. மூன்றாவதை, மாணவ நண்பர்காள், நாமே கொண்டுவருதல் வேண்டும்.