தட்டிய பிறகு விழிக்கும் சென்சார்

"டர்போ காருக்கு ஆக்டேன் பார்ப்பது வீண் செலவு, இருப்பதில் மலிவானதைப் போடுங்கள், மீதியை நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும்" என்று சென்ற இதழில் ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். அதை நம்புகிறவர் பங்க்கில் மிச்சம் பிடித்ததை மெக்கானிக்கிடம் பல மடங்காகக் கொட்டுவார்.

கட்டுரையாளர் ஆக்டேனைச் சக்தி என்று நினைத்துக்கொண்டு பேசுகிறார். அடிப்படையே தவறு. அழுத்தத்திலும் சூட்டிலும் பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனுக்குத்தான் அந்த எண். டர்போ, காற்றை அமுக்கித் திணிக்கிறது. அமுக்கிய காற்று சூடேறுகிறது. பிளக் மூட்டிய தீ பரவி முடிவதற்குள் மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். தொடர்ந்து தட்டினால் பிஸ்டன் வளையங்களுக்கு இடையிலுள்ள பகுதி உடையும். பிஸ்டன் தலை அரிக்கும். ஹெட் கேஸ்கெட் போகும்.

சென்சார் இருக்கிறதே என்கிறார். அது எஞ்சின் பிளாக்கில் பொருத்திய அதிர்வுமானி. தட்டிய பிறகுதான் அதற்குத் தெரியும். உடனே கணினி தீப்பொறியைத் தாமதமாக்கும். இழுவை குறையும், வெளியேறும் புகை இன்னும் சூடாகும், அந்தச் சூடு நேராக டர்போவில் இறங்கும். குளிர்விக்கக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின்களில் மைலேஜும் விழும். அவர் சொன்ன சிக்கனம் எங்கே போயிற்று? அந்தத் தாமதத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அவர் மறைத்துவிட்டார்.

"மந்தைவெளியில் ஊர்ந்து போகிறவருக்கு எதற்கு ரேஸ் பெட்ரோல்?" என்று அடுத்த கேள்வி. ஊர்வதுதான் ஆபத்து. மெட்ரோ வேலையால் குறுகிய ஆர்.கே. மடம் சாலையில் மே மாத மதியம் நின்று நின்று நகரும்போது இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் கிடையாது. வழி கிடைத்ததும் மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். குறைந்த சுற்று, முழுச் சுமை, சூடான காற்று: எஞ்சின் தட்ட இதைவிட வேறென்ன வேண்டும்?

நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் இதே நிலையில் பிளக் பொறி விடுவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்வதும் உண்டு. அதைப் பொறியைத் தாமதித்துத் தடுக்க முடியாது. ஆக்டேன் மட்டும் அதற்குப் போதாது. ஏபிஐ எஸ்பி தர ஆயிலும், கியரை இறக்கி ஓட்டும் பழக்கமும் வேண்டும். சென்சாரே கதி என்று எழுதியவர் இதைப் பற்றி மூச்சே விடவில்லை.

எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்பது கடைசி வாதம். பி.எஸ்.6 சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் எண் 91, இ20-இல் 95 ஆனது உண்மை. ஆனால் 98 கேட்கும் எஞ்சினுக்கு 95 எப்படிப் போதும்? இ10 வரைக்கும் மட்டும் தயாரான பழைய வண்டியின் ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் ஆக்டேன் எண் என்ன பாதுகாப்புத் தரும்?

91 போதும் என்று கம்பெனி சொன்ன வண்டிக்கு 100 ஊற்றுவதால் பயனில்லை. அதை நானும் சொல்வேன். "நார்மலா, ஸ்பீடா?" என்று பங்க்கில் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது டேங்க் மூடியின் உட்புறமும் மேனுவலும். அங்கே அச்சிட்ட எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். தவறிப்போய்க் குறைந்ததை நிரப்பிவிட்டால் மிதிக்காமல் ஓட்டி, கூடிய விரைவில் உயர் ஆக்டேனால் டேங்கை நிரப்புங்கள். அந்த எண்ணை அச்சிட்டவர்கள் எஞ்சினைச் சோதித்தவர்கள். அதை மீறச் சொன்ன கட்டுரையாளர் தன் யோசனையைத் திரும்பப் பெற வேண்டும்.