அளந்து கொடுத்த கை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஒரு படம் பார்த்தோம். 1972ஆம் ஆண்டு தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் விமானம் விழுந்து, 72 நாள் பனியில் கிடந்து மீண்டவர்களின் உண்மைக் கதை. 2023இல் வெளிவந்த படம். படம் முடிந்ததும் பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேரன் கேட்டான்: "தாத்தா, ஹோமி பாபா வந்த விமானமும் மலையில்தானே மோதிச்சு? அவரும் இவங்க மாதிரி மன உறுதியா இருந்திருந்தா பிழைச்சிருப்பாரோ?"

டிராம்பேயில் வளரும் பிள்ளைக்கு இப்படிக் கேட்கத் தோன்றுவது இயற்கைதான். ஆனால் அந்தக் கேள்வியில் நாம் எல்லோரும் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. அதைப் பற்றி நம் சங்க இதழில் நாலு வார்த்தை எழுதலாம் என்று தோன்றியது.

1966 ஜனவரி 24. எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் ஜனதா காலனியில் இருந்தோம். பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சாயாக்கடை ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றதும், கட்டட வேலைக்குப் போய்வந்த அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. பம்பாயிலிருந்து டில்லி, பெய்ரூட், ஜெனீவா வழியாக லண்டன் போகவேண்டிய ஏர் இந்தியாவின் 'கஞ்சன்ஜங்கா' விமானம் மோன் பிளாங்க் மலையில் மோதிவிட்டது. மலையைத் தாண்டியாயிற்று என்று நினைத்து விமானி கீழே இறக்கத் தொடங்கினார். தாண்டியிருக்கவில்லை. வியன்னாவில் ஒரு கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த டாக்டர் பாபா உட்பட 117 பேரும் மாண்டார்கள். 1950 நவம்பரிலும் இதே மலையில் ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' விமானம் மோதி 48 பேர் இறந்திருந்தார்கள். அங்கே பனி உருக உருக, புதைந்தவை இன்றும் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. இந்திரா காந்தி பிரதமராகும் செய்தியைத் தலைப்பில் தாங்கிய 1966ஆம் வருடத்து இந்தியச் செய்தித்தாள்கள் 2020இல் கிடைத்தன.

மலைமேல் அத்தனை வேகத்தில் மோதிய விமானத்தில் மன உறுதிக்கு என்ன வேலை? ஆண்டிஸ் மலையில் நடந்தது வேறு. அந்த விமானத்தின் இறக்கைகளும் வாலும் முறிந்துபோக, நடுப்பகுதி மட்டும் பனிச்சரிவில் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. அது அவர்கள் செய்த சாதனை அல்ல, அதிர்ஷ்டம். அப்படியும் அதில் இருந்த 45 பேரில் மீண்டவர்கள் 16 பேர்தான். மற்ற 29 பேருக்கு மன உறுதி குறைவு என்று யார் சொல்ல முடியும்? பிழைத்தவரைப் பாராட்டும் வேகத்தில் இறந்தவரைக் குறைத்துப் பேசிவிடக் கூடாது. பேரனிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.

அதிர்ஷ்டம் தன் பங்கைக் கொடுத்த பிறகு மனிதர் கையில் இருப்பது என்ன? அதற்கு அந்தப் பதினாறு பேரின் கதை நல்ல பாடம். கல்லூரி வயது ரக்பி விளையாட்டு வீரர்களும், அவர்களுடைய நண்பர்களும் உறவினரும்தான் பெரும்பாலும் அதில் பயணம் செய்தவர்கள். முதல் நாளிலிருந்தே அணித் தலைவர் மார்செலோ பெரெஸ், கிடைத்த கொஞ்சம் சாக்லெட்டையும் ஒயினையும் பங்கிட்டுக் கொடுத்தார். ஒயினுக்கு அளவு, ஒரு வாசனைக் குப்பியின் மூடி! மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர்கள் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். இருக்கையிலிருந்து கழற்றிய தகட்டில் பனியை வெயிலுக்கு வைத்து உருக்கித் தண்ணீர் சேர்ப்பது சிலர் வேலை. தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சின்ன ரேடியோவில் கேட்ட பிறகும் அந்த வேலைகள் நிற்கவில்லை. அக்டோபர் 29இல் பனிச்சரிவு எட்டுப் பேரை மூடியது. மார்செலோவும் போனார். உடனே வேறு சிலர் அந்தப் பங்கீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.

இறந்தவர்களின் உடலை உண்டுதான் அவர்கள் உயிர் காத்தார்கள் என்பதை மறைக்கவேண்டியதில்லை. நான் இறந்தால் என் உடலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உயிரோடிருந்தவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வெதுவெதுப்பான அறையில் இருந்துகொண்டு அதற்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கடைசியில் பர்ராடோ, கனெஸ்ஸா என்ற இருவர் பத்து நாள் மலையேறி நடந்து உதவி தேடினார்கள். உலகம் அவர்கள் பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. மற்றவர்கள் தங்கள் பங்கில் அவர்களுக்குக் கூடுதலாகச் சாப்பிடக் கொடுத்து, குளிர் தாங்கும் படுக்கைப் பை தைத்துக் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆற்றின் மறுகரையில் அவர்களைக் கண்ட செர்ஜியோ கட்டலான் என்ற மாடு மேய்ப்பவர், காகிதத்தைக் கல்லில் கட்டி எறிந்தார், ரொட்டியும் எறிந்தார், பிறகு பல மணி நேரம் குதிரையில் போய்ச் சேதி சொன்னார். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்ததால்தான் பதினாறு உயிர் மிஞ்சியது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 1976 மே மாதம் ஜனதா காலனி இடிக்கப்பட்டு, சீத்தா கேம்புக்கு வந்தோம். காலனிக்காக ஆண்டுக்கணக்கில் போராடியவர் கோலார் தங்கவயலிலிருந்து வந்த நம் தமிழர் ஜோக்கின் அற்புதம் என்பதும், பின்னாளில் 2000ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்றவர் அவர் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். வந்த இடம் சதுப்பு நிலம். மழைக்காலம் தொடங்கப் போகிறது. எங்கள் வரிசையில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே தார்ப்பாய், ஒரே ஸ்டவ். திருநெல்வேலிப் பக்கத்து ஆச்சி ஒருவர் இருந்தார். யாரும் அவரைத் தலைவியாக்கவில்லை. செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கைக்குழந்தைக்காரிக்கு முதல் செம்பு, நோயாளிக்கு அடுத்தது, தன் மகனுக்குக் கடைசி. "ஏன் ஆச்சி, ஒங்க மவனுக்கு ஊத்தலியா?" என்று அம்மா கேட்டதற்கு, "அவனுக்கு மொதல்ல ஊத்துனா நாளைக்கு எவ என்னைய நம்புவா?" என்றார். அந்த மழைக்காலத்தை எங்கள் வரிசை தாண்டியதற்கு அந்தச் செம்புதான் காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

பாபாவின் மறைவுக்குப் பிறகு இங்கே நடந்ததும் ஒரு வகையில் பங்கீடுதான். ஒரே மனிதர் சுமந்த பாரத்தை 1966இல் மூவர் பிரித்துக்கொண்டார்கள். அணுசக்தி ஆணையத்தை விக்ரம் சாராபாயும், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தை எம்.ஜி.கே. மேனனும், டிராம்பே நிலையத்தை ஹோமி சேத்னாவும் ஏற்றார்கள். மறு ஆண்டு டிராம்பே நிலையத்துக்குப் பாபாவின் பெயர் வந்தது. வேலை நிற்கவில்லை.

இன்று நம்மில் பலர் சாலை விட்டு உயர்ந்த கட்டடங்களுக்குப் போய்விட்டோம். நல்லதுதான். ஆனால் கதவு மூடிக்கொண்டது. 2020 ஊரடங்கின்போது எங்கள் பக்கத்துக் கட்டடத்தில் தனியாக இருந்த ஒரு பெரியவர் மூன்று நாள் சர்க்கரை மாத்திரை இல்லாமல் கிடந்தார். எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அவர் கெட்டவர் அல்லர். கேட்கும் பழக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். ஊரை விட்டு வந்தவர்களுக்குச் சொந்தபந்தம் ஆயிரம் மைலுக்கு அப்பால். ஆபத்து வரும்போது பக்கத்துக் கதவைத்தான் தட்டவேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். கூடவே, ஒவ்வொரு கட்டடத்துக்கும் வரிசைக்கும் ஒருவர் பொறுப்பேற்கட்டும். தனியாக இருப்பவர் யார், அன்றாடம் மருந்து வேண்டியவர் யார், நர்ஸ் யார், எலக்ட்ரீஷியன் யார் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கட்டும். மழை வருமுன் ஆண்டுக்கு ஒரு தடவை அதைச் சரிபார்த்தால் போதும். பெரிய செலவில்லை.

எங்கள் கட்டடத்துக்கு நான் ஒரு நோட்டு போட்டுவிட்டேன். மாடி ஏற என் முழங்கால் இடம் தரவில்லை. வீடு வீடாகப் போய் எழுதி வந்தது பேரன்தான்.