24 பிட் இருந்தால் தராசு நேர்மையாகிடுமா?

பென்டில் ஹில் கடைகளில் மீனோ முருங்கைக்காயோ வாங்கும்போது தராசில் விழுற எண்ணை நாங்கள் யாரும் கேள்வி கேக்கிறதில்லை. அந்த நம்பிக்கை எங்கேயிருந்து வருது? சிப்பில் இருந்து வரேல்லை எண்டதுதான் என்ர கட்சி.

தட்டுக்குக் கீழே இருப்பது லோட் செல், ஒரு உலோகத் துண்டு. பாரம் விழ, கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்களின் மின்தடை மாறும். வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட் தரும் 5 கிலோ செல்லுக்கு 5 வோல்ட் கொடுத்தால், முழுப் பாரத்துக்கும் கிடைப்பது வெறும் 10 மில்லிவோல்ட். ஒரு கிராமுக்கு 2 மைக்ரோவோல்ட்! ஆர்டுயினோ ஊனோவின் 10 பிட் ஏடிசியில் ஒரு படியே கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். நேரே கொழுவினால் 5 கிலோவும் இரண்டு படிக்குள் முடிஞ்சுது.

அதுக்குத்தான் எச்எக்ஸ்711. சிக்னலை 128 மடங்கு பெருக்கி, 24 பிட்டில் எண்ணாக்கித் தரும். 24 பிட் எண்டால் 1 கோடி 67 லட்சம் படிகள். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கடைசிச் சில பிட்டுகள் வெறும் இரைச்சல். வெப்பநிலை மாறினாலும் எண் நகரும்.

முக்கியமாக, சிப் தருவது ஒரு எண் மட்டும். அது எத்தனை கிலோ எண்டு சொல்ல, எடை தெரிந்த ஒரு படிக்கல் வேணும். அதுவும் பாவிக்கிற இடத்திலேயே. யாழ்ப்பாணத்தில் சரிசெய்த செல்லை சிட்னிக்குக் கொண்டுவந்தால், இங்கே புவியீர்ப்பு கொஞ்சம் கூட என்பதால், ஒரு கிலோவுக்குச் சுமார் ஒன்றரை கிராம் கூடக் காட்டும்.

ஆஸ்திரேலியாவில் எடைபோட்டு விற்கும் தராசு அங்கீகரிக்கப்பட்ட மாதிரியாகவும், சரிபார்க்கப்பட்டதாகவும் இருக்கவேணும். 2010 ஜூலையில் இருந்து நாடு முழுக்க இதைப் பார்ப்பது தேசிய அளவீட்டு நிறுவனம். கடைத் தராசை நம்புறதுக்குக் காரணம் இந்த ஒழுங்குதான்.

ஆகவே செய்து பாருங்கோ: காஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் எண்டு பார்க்க அருமையான புரொஜெக்ட். ஆனால் அம்மா கிலோ கணக்கில் விற்கும் முறுக்கை அதில் நிறுக்காதேங்கோ. தெரிந்த எடை ஒன்றை வைத்து, அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப வாசியுங்கோ. எண் எவ்வளவு நகர்ந்தது எண்டு பார்த்தபிறகு தசமப் புள்ளியைப் பற்றிக் கதைப்பம்.