மாநாடும் மின்னேற்றமும்

கல்விக்குத் துணையாவன காலந்தோறும் மாறும் இயல்பின. முன்னாளில் ஏடும் எழுத்தாணியும், பின்னர்த் தாளும் மையும், இந்நாளில் மடிக்கணினி. மடிக்கணினிக்கு மின்னேற்றம் இன்றியமையாதது. இது மிகச் சிறிய பொருளன்றோ எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும், கருத்தரங்கில் எவர் குறையின்றிப் பேசுகிறார், எவர் வாடி நிற்கிறார் என்பதைச் சிலவேளை இச்சிறு பொருளே முடிவு செய்கின்றது. ஆதலின் இதுபற்றி ஒரு சில கூறத் துணிந்தோம்.

தனிநாயக அடிகளார் முதலியோர் முயற்சியால் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது அறிஞர் கையிலிருந்தவை தாள்களே. 2010 ஜூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தபோதோ, தமிழ் இணைய மாநாடும் உடன் நடைபெற்றது. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தந்து வருகின்றது. இன்று தமிழ் மாணவன் தன் நூலகத்தையே மடியில் வைத்திருக்கிறான். மின்கலம் ஓய்ந்தால் அந்நூலகமும் மூடிக்கொள்ளும்.

திருச்சிராப்பள்ளிக்குக் கருத்தரங்கின்பொருட்டு வருவோர் நிலையை நோக்குவோம். பலர் சென்னையினின்று மலைக்கோட்டை விரைவு வண்டியில் இரவெல்லாம் பயணஞ்செய்து வைகறையில் வந்திறங்குவர். தீ விபத்தைத் தவிர்க்கும்பொருட்டு, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வண்டிகளில் மின்னேற்றும் வசதியை நிறுத்துமாறு இரயில்வே துறை 2021-இல் பணித்தது. அது முறையே. ஆயின், வண்டியிலேயே கட்டுரையைத் திருத்தியவர் ஒழிந்த மின்கலத்தோடு இறங்குகிறார். திருவரங்கத்தில் ஒரு விடுதியில் நீராடி, உணவருந்தி, காவிரிப் பாலங் கடந்து மண்டபம் புகும்போது, சுவரோரத்து இருக்கைகள் யாவும் நிறைந்திருக்கும். மக்கள் வழக்கில் 'பிளக் பாயிண்டு' எனப்படும் மின்வாய்கள் அச்சுவரில்தான் உள்ளன!

இதனால் மிக இடர்ப்படுவோர் யாவர்? தம் குடும்பத்தில் முதன்முதற் கல்லூரி கண்ட மாணவர்களே. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ சிற்றூர் இல்லங்களில் கணினியைக் கொண்டு சேர்த்தது. அண்ணனுக்குக் கிடைத்த அக்கணினியே தங்கைக்கும் பயன்படுகின்ற வீடுகள் பல. மின்கலம் நூற்றுக்கணக்கான முறை ஏறி இறங்கியபின் தளர்ச்சியுறும். புதிய கணினி ஒரு பகல் தாங்கும். பழையது ஒரு மணிநேரம் தாங்குவதே அரிது. வேண்டியவர் பின்வரிசையில் நிற்க, வேண்டாதவர் மின்வாயருகே வீற்றிருத்தல் நேரிதோ?

மின்சாரம் போதாது என்பார் கூற்றுப் பொருந்தாது. நம் நாட்டுச் சிறிய மின்வாய் 6 ஆம்பியர் தாங்குவது. மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கின் 1380 வாட் ஆகும். மடிக்கணினி ஒன்றுக்கு 65 வாட் எனக் கொண்டால், கணக்களவில் இருபதுக்கும் இடமுண்டு. பாதுகாப்பு நோக்கிப் பாதியே கொள்ளினும் பத்துப்பேர் பயன்பெறலாம். குறைவது மின்சாரமன்று, வாய்களும் ஒழுங்குமே.

மின்கலத்தின் இயல்பும் ஈண்டு அறியத்தக்கது. லித்தியம் அயனி மின்கலம் தொடக்கத்தில் விரைந்து ஏறும்; ஏறத்தாழ 80 விழுக்காட்டை அடைந்தபின் மெல்லமெல்லவே ஏறும். எனவே, நூறு நிறையுங்காறும் எழேன் என்பவர் சிறு பயன் கருதி நெடுநேரம் மின்வாயை அடைத்துக்கொள்கிறார். அந்நேரத்தில் மற்றொருவர் கணினி பாதிக்குமேல் நிறைந்துவிடும். எண்பதில் எழுந்து இடங்கொடுப்பதே அறிவும் அறமுமாம்.

இவ்வறம் நமக்குப் புதிதன்று. காவிரிப் பாசனத்தில் நீர் குறையுங்கால் முறைவைத்து விடுதல் நம் உழவர் வழக்கம். தலைமடையான் தன் வயல் நனைந்ததும் மடையை அடைத்தாலன்றிக் கடைமடையான் பயிர் கருகும். சுவரோர இருக்கை தலைமடை. நடுவரிசையும் பின்வரிசையும் கடைமடை.

"அவரவர் ஏற்பாடு அவரவர் கடன், புத்தியுள்ள கன்னியர் எண்ணெயைப் பகிர்ந்தனரோ?" என நம் கிறிஸ்தவ நண்பர் வினவக்கூடும். மத்தேயு நற்செய்தியின் அவ்வுவமை ஆயத்தமாயிருத்தலை வற்புறுத்துவது உண்மையே. ஆதலின் ஒவ்வொருவரும் முன்னிரவே கணினியை நிறைத்து வருக. திரையின் ஒளியைக் குறைக்க. வேண்டாத செயலிகளை மூடுக. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கணினியை விட்டு வாராதொழிக. கட்டுரையின் அச்சுப்படி ஒன்றையும் கையில் வைத்திருக்க. ஆயின், அக்கன்னியர் பகிர மறுத்தது இருவர்க்கும் போதாமற்போம் என்றஞ்சியே. மின்வாயைப் பகிர்வதால் ஒருவர்க்கும் குறைவில்லை. குறைவில்லாத ஒன்றை மறுத்தற்கு அவ்வுவமை துணைநில்லாது.

கருத்தரங்கு நடத்துவோர்க்கும் கடமையுண்டு. நம்மூர்ப் பழைய மண்டபங்களில் மின்வாய்கள் சிலவே. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் சிலவற்றை நடுவரிசைகளுக்கு அமைத்தல் பெருஞ்செலவன்று. ஒரு பெட்டியில் மற்றொன்றைச் செருகுதலும், தேநீர்க்கு நீர் காய்ச்சும் கலத்தை அதனோடு இணைத்தலும் கூடா; அக்கலம் ஒன்றே 1500 வாட் இழுக்கவல்லது. பொறுப்பாகத் தொண்டர் ஒருவரை அமர்த்துக. அடுத்துக் கட்டுரை படிப்போர்க்கே முதலுரிமை என அவைத்தலைவர் தொடக்கத்திலேயே அறிவிக்க. மாலைவிருந்துக்கும் நினைவுப்பரிசுக்கும் செலவிடுவதில் ஒரு சிறு கூறு இதற்குப் போதும்.

சிற்றூரினின்று வரும் மாணவி பல திங்கள் உழைத்து எழுதிய கட்டுரை, மின்வாயொன்று கிடையாமையால் அவையேறாது ஒழிதல் தமிழுக்கே இழப்பாகும். அடுத்த கருத்தரங்கில் நம் கணினி எண்பதைத் தொட்டதும் எழுவோமாக; நமக்குப் பின்னால் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து அழைப்போமாக.