ஹீ-டோவும் யி-ஜினும் ஏன் பிரிஞ்சாங்க? பதில் ஆரம்பத்திலேயே இருந்துச்சு மக்களே!

முதல்லயே சொல்லிடுறோம். 'ட்வென்ட்டி ஃபைவ் ட்வென்ட்டி ஒன்' தொடரை நீங்க இன்னும் முடிக்கலைன்னா இந்தக் கட்டுரையை சேவ் பண்ணி வெச்சுட்டு, 16 எபிசோடையும் பார்த்துட்டு வாங்க. முழுக்க முழுக்க ஸ்பாய்லர்தான்.

2022 ஏப்ரல் 3 ஞாயிறு இரவு கடைசி எபிசோடு முடிந்ததும் கே-டிராமா ரசிகர்களின் டைம்லைன் ஒரே ரணகளமானது. "இதுக்கா எட்டு வாரம் தூக்கம் முழிச்சோம்?" என்பதுதான் ஒட்டுமொத்தப் புலம்பலின் சாரம். கொரியாவின் டிவிஎன் சேனலில் பிப்ரவரி 12 அன்று 6 சதவிகிதத்தைக் கொஞ்சம் தாண்டிய ரேட்டிங்கோடு ஆரம்பித்த தொடர், 11 சதவிகிதத்துக்கு மேல் போய் முடிந்திருக்கிறது. கேபிள் சேனலுக்கு இது பெரிய நம்பர். ஆக, திட்டிக்கிட்டே எல்லாரும் கடைசி வரைக்கும் பார்த்திருக்காங்க.

கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு சின்ன ரீகேப். 1998. நா ஹீ-டோவுக்கு 18 வயது. வாள்வீச்சில் சேபர் பிரிவு வீராங்கனை. பெக் யி-ஜினுக்கு 22. பணக்கார வீட்டுப் பையனாக இருந்தவன், அப்பாவின் கம்பெனி திவாலாகி, குடும்பம் சிதறி, இப்போ பேப்பர் போட்டுக்கொண்டும், காமிக்ஸ் வாடகைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டும் இருக்கிறான். இவர்கள் இருவரும் நட்பாகி, 2001-ல் அவனுக்கு 25, அவளுக்கு 21 ஆகும்போது காதலர்களாக இருந்து, பிரிந்துபோகிறார்கள். இதையெல்லாம் 2021-ல் மாஸ்க் போட்டுக்கொண்டு திரியும் ஹீ-டோவின் மகள் மின்-சே, அம்மாவின் பழைய டைரிகளில் படிக்கிறாள்.

இந்த மின்-சே இருக்காளே, அவள்தான் மொத்தப் பஞ்சாயத்துக்கும் காரணம். அவளுடைய முழுப்பெயர் கிம் மின்-சே. கொரியாவில் கல்யாணம் ஆனாலும் பெண்கள் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்வதில்லை. ஹீ-டோ எப்போதும் 'நா'தான். ஆனால் குழந்தைக்குப் பொதுவாக அப்பாவின் குடும்பப் பெயர்தான் வரும். யி-ஜின் குடும்பப் பெயர் 'பெக்'. அப்போ 'கிம்' யாரு? கணக்கு சிம்பிள். ஆனா அந்த சிம்பிள் கணக்கை நம்ப யாருமே தயாரா இல்லை. யி-ஜின் பெயரை மாத்தியிருப்பான், மின்-சே தத்துப் பிள்ளையா இருக்கும், டைரியே பாதி கற்பனையா இருக்கும்னு ரசிகர்கள் போட்ட தியரிகளை வெச்சு தனியா ஒரு சீரியலே எடுக்கலாம்.

ஏன் இப்படி அடம்பிடிச்சோம்? ஒரு காரணம், இதே டிவிஎன் நம்மைப் பழக்கி வெச்ச விதம். 'ரிப்ளை 1997', 'ரிப்ளை 1994', 'ரிப்ளை 1988' மூன்றையும் பார்த்தவர்களுக்கு 'புருஷன் யாரு?' விளையாட்டு அத்துப்படி. நிகழ்காலத்தில் ஹீரோயினுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், கணவன் யாரென்று காட்டாமல் கடைசி வரை இழுப்பார்கள். ஆனால் விடை எப்போதுமே நம் கண்முன்னால் இருக்கும் பையன்களில் ஒருவனாகத்தான் இருக்கும். அங்கே நம் வேலை சரியான ஆளைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். இந்தத் தொடரும் அதே செட்டப்பில் ஆரம்பிக்க, நாமும் அதே விளையாட்டை ஆட உட்கார்ந்துவிட்டோம். எழுத்தாளர் க்வோன் டோ-உன் ஆடியது வேறு ஆட்டம். இவர் கதையில் கணவன் யார் என்பது கேள்வியே இல்லை. கடைசி வரை அந்த மனிதரின் முகத்தைக் காட்டவும் இல்லை.

சரி, பிரிவுக்கு வருவோம். "நல்லா போயிட்டிருந்த காதல் கடைசி ரெண்டு எபிசோடுல திடீர்னு எப்படி உடையும்?" இதுதான் அதிகம் பேர் வைக்கும் குற்றச்சாட்டு. இதில் பாதி சரி, பாதி தப்பு என்பது என் கட்சி.

'திடீர்னு' என்பதுதான் தப்பு. ஹீ-டோவின் அம்மா ஷின் ஜே-கியோங்கை ஞாபகப்படுத்திக்கோங்க. யுபிஎஸ் சேனலின் செய்தி வாசிப்பாளர். கணவர் இறந்து, மகள் இறுதிச் சடங்கில் அம்மாவுக்காகக் காத்திருக்க, இவர் பிரேக்கிங் நியூஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார். வரவே இல்லை. அப்போ ஹீ-டோவுக்கு 13 வயது. ஒரு செய்திக்காகத் தன்னை விட்டுவிட்டுப் போகும் ஆளுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது அவளுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அந்தக் காயத்தோடுதான் வளர்கிறாள்.

இப்போ யி-ஜினைப் பாருங்க. பேப்பர் போட்டவன் ரிப்போர்ட்டர் ஆகிறான். அதுவும் எங்கே? அதே யுபிஎஸ்-ல். விளையாட்டுச் செய்தியாளராக ஹீ-டோவைப் பற்றிச் செய்தி சேகரிக்கும்போது "செய்தியாளருக்கும் செய்திக்கும் இடைவெளி வேணும்" என்ற பாடம் அவனுக்குச் சொல்லித் தரப்படுகிறது. சொல்லித் தருவது யாரு? ஹீ-டோவின் அம்மாவேதான். பிறகு கோ யு-ரிம் ரஷ்யக் குடியுரிமைக்கு மாறும் விஷயம். அப்பாவின் விபத்தால் வந்த கடனைக் கட்ட வேறு வழியில்லாமல் நாடு மாறும் தோழியை, ஊரே துரோகி என்கிறது. அந்தச் செய்தியை முதலில் வெளியிட்டவன் யி-ஜின். நண்பனாக அழுகிறான், நிருபராகச் செய்தி கொடுக்கிறான். அங்கேயே அவன் ஜே-கியோங் ஆகிவிட்டான். அதுக்கப்புறம் செப்டம்பர் 11 தாக்குதலும் நியூயார்க்கும் வரும்போது, ஹீ-டோ மறுபடியும் 13 வயசு மகளாக அதே இடத்தில் நிற்கிறாள். டிவியைப் பார்த்துக்கொண்டு, போனுக்காகக் காத்துக்கொண்டு.

அந்தப் போன் கால்களைக் கொஞ்சம் கவனிங்க. ஆரம்பத்தில் இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதெல்லாம் உற்சாகம். பிரிவுக்கு முந்தைய காட்சிகளில் யி-ஜின் அதிகம் சொல்வது 'ஸாரி'. அவன் பக்கத்தில் நியாயம் இருக்கு. சாவுக்கு நடுவில் நின்று ரிப்போர்ட் பண்ணுகிறவன், அந்தப் பாரத்தை அவள் தலையில் இறக்கிவைக்க வேண்டாமென நினைக்கிறான். ஆனால் ஹீ-டோவுக்கு வேண்டியது அந்தப் பாரத்தில் பாதி. அது அவளுக்குக் கிடைப்பதே இல்லை. லாங் டிஸ்டன்ஸ்ல இருக்கும் யாருக்கும் இந்த 'ஸாரி' மெசேஜ்களின் வெயிட் தெரியும். ஒரு கட்டத்துக்கு மேல் அனுப்புகிறவருக்கும் அலுப்பு, படிக்கிறவருக்கும் குற்றவுணர்ச்சி. யாரும் தப்பு பண்ணலை, யாரும் ஏமாத்தலை. ஆனாலும் ஒண்ணும் மிச்சமில்லை. வில்லன் இல்லாத பிரிவு என்பதால்தான் நமக்கு இவ்வளவு கோபம். ஒரு வில்லி இருந்திருந்தால் அவளைத் திட்டிட்டுத் தூங்கப் போயிருப்போம்.

இதில் இன்னொரு கேரக்டரும் இருக்கு. ஐ.எம்.எஃப். 1997 டிசம்பர் 3 அன்று தென் கொரியா சர்வதேச நாணய நிதியத்தோடு கடன் ஒப்பந்தம் போட்டது. கொரியர்கள் இன்றும் அந்தக் காலத்தை 'ஐ.எம்.எஃப் காலம்' என்றுதான் சொல்கிறார்கள். கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. நாட்டின் கடனை அடைக்க சுமார் 35 லட்சம் மக்கள் கல்யாண மோதிரம், குழந்தைகளின் முதல் பிறந்தநாள் மோதிரம் என வீட்டிலிருந்த தங்கத்தையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தார்கள். 200 டன்னுக்கு மேல் சேர்ந்தது. ஹீ-டோவின் பள்ளியில் வாள்வீச்சு அணியையே கலைத்துவிடுவது இந்த நெருக்கடியால்தான். அவள் கனவைப் பறித்தது எந்தத் தனி மனிதரும் இல்லை, காலம்தான் என்று கோச் சொல்லும் காட்சி ஞாபகம் இருக்கா? தொடர் மொத்தமும் அந்த ஒரு வரியின் விளக்கம்தான்.

யி-ஜின் அப்பாவிடம் பணம் போட்டு நஷ்டமானவர்கள் அவனைத் தேடி வருகிறார்கள். "இனி ஒரு நிமிஷம்கூட சந்தோஷமா இருக்க மாட்டேன்" என்று 22 வயசுப் பையன் அவர்களிடம் சத்தியம் பண்ணுகிறான். அதைக் கேட்ட ஹீ-டோ, "நாம ரெண்டு பேரும் சேர்ந்திருக்கும்போது மட்டும், யாருக்கும் தெரியாம சந்தோஷமா இருக்கலாம்" என்கிறாள். ராத்திரியில் பள்ளிக்கூடக் குழாய்களை மேலே திருப்பிவிட்டு நனைகிறார்களே, அந்தக் காட்சி. பலரும் அதை 'க்யூட் சீன்' என்று ரீல்ஸாக வெட்டிப் போடுகிறார்கள். எனக்கு அது ஒரு ஒப்பந்தம் மாதிரித் தெரிகிறது. கெட்ட காலத்தில் ஒருவரையொருவர் தாங்கிப்பிடிக்கப் போட்ட ஒப்பந்தம். கொரியா அந்தக் கடனை முழுசா அடைத்து முடித்தது 2001 ஆகஸ்ட்டில், கெடுவுக்கு மூணு வருஷம் முன்னாடியே. கதையில் ஹீ-டோவும் யி-ஜினும் உடைய ஆரம்பிப்பது அதற்கு அடுத்த மாதம். எழுத்தாளர் பிளான் பண்ணி வைத்தாரா, தற்செயலா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் கவனித்த பிறகு மறக்க முடியவில்லை.

இப்போ ரசிகர்கள் பக்கம் இருக்கும் நியாயம். பிரிவு சரி, அதைச் சொன்ன விதம் சரியில்லை. 14 எபிசோடு வரை ஒரு பார்வைக்கு அஞ்சு நிமிஷம் எடுத்துக்கொண்ட தொடர், கடைசி இரண்டில் நியூயார்க், தூரம், சண்டை, பிரேக்-அப், 2009, 2021 என எக்ஸ்பிரஸ் வேகத்தில் ஓடுகிறது. யி-ஜின் நியூயார்க்கில் என்ன ஆனான், அந்த நாள்கள் அவனை எப்படி மாற்றின என்பதற்கு இன்னும் ஒரு எபிசோடாவது வேண்டும். 2009-ல் செய்தி வாசிப்பாளராக உட்கார்ந்து, நேரலையில் ஹீ-டோவைப் பேட்டி எடுத்து, அவள் கல்யாணத்துக்கு வாழ்த்து சொல்கிறானே, அந்த இடைப்பட்ட வருஷங்கள் எங்கே போச்சு? யு-ரிமும் ஜி-உங்கும் ரஷ்யா, கொரியா என்று பிரிந்திருந்தும் ஜோடி சேர்கிறார்கள். அதே தூரம் அவர்களை ஒண்ணும் பண்ணலையே, இவர்களை மட்டும் ஏன் என்று கேட்பவர்களுக்குத் தொடர் பதிலே சொல்லவில்லை. இந்தக் கோபம் நியாயமானது.

வயசு விஷயத்திலும் கொரியாவில் விமர்சனம் இருந்தது. பள்ளிச் சீருடையில் இருக்கும் பெண்ணோடு வேலைக்குப் போகும் இளைஞனுக்குக் காதல் என்பதை அங்கே நிறைய பேர் ஏற்கவில்லை. தொடரும் அதை உணர்ந்தே, 1999 முடிந்து 2000 பிறக்கும் அந்த இரவு வரை முத்தத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறது. கொரியக் கணக்கில் அன்றுதான் அவளுக்கு 20. அதிலும் முத்தம் கொடுப்பது அவள். யி-ஜின் தயங்கி நிற்கிறான். (நிஜத்தில் கிம் டே-ரி, நம் ஜூ-ஹ்யுக்கைவிட கிட்டத்தட்ட நாலு வயசு பெரியவர். 31 வயதில் 18 வயசுப் பெண்ணாக நம்மை நம்ப வைத்ததுக்கே தனியா ஒரு அவார்டு கொடுக்கணும்.)

இன்னொரு கேள்வியும் சுற்றுகிறது. ஐந்து பேரும் கடலுக்குப் போன அந்தக் கோடைப் பயணத்தைப் பற்றி மகள் கேட்கும்போது, பெரியவளான ஹீ-டோவுக்கு அது ஞாபகமே இல்லை. "அதெப்படி மறக்கும்?" என்று கொந்தளித்தவர்கள் ஏராளம். எனக்கென்னவோ மொத்தத் தொடரிலும் ரொம்ப நேர்மையான இடம் அதுதான். உங்க அம்மாவோட காலேஜ் போட்டோவைக் காட்டி "இது எங்கே எடுத்தது?"ன்னு கேட்டுப் பாருங்க. பாதிக்கு மேல் "தெரியலையே" என்றுதான் வரும். அன்னிக்கு அவங்களுக்கும் அது மறக்கவே முடியாத நாளாத்தான் இருந்திருக்கும்.

யி-ஜின் பக்கம் நடப்பது இதற்கு நேரெதிர். கடைசி எபிசோடில் அவன் ஒரு பழைய கணக்கின் பாஸ்வேர்டை மீட்க முயல்கிறான். பாதுகாப்புக் கேள்வி, 'உங்கள் முதல் காதல் யார்?'. ஒரு நொடி நிற்கிறான். 'நா ஹீ-டோ' என்று டைப் செய்கிறான். கணக்கு திறக்கிறது. அவ்வளவுதான். போன் எடுத்து அழைப்பதில்லை, தேடிப் போவதும் இல்லை. ரசிகர்களை அதிகம் அழவைத்தது எது என்று கேட்டால், பஸ் ஸ்டாப்பில் அழுதுகொண்டே அவள் ஷூ லேஸைக் கட்டிவிடும் காட்சியா, இந்தப் பாஸ்வேர்டு காட்சியா என்று இரண்டு கோஷ்டி இருக்கிறது. நான் பாஸ்வேர்டு கோஷ்டி.

தொலைந்துபோன டைரி திரும்பக் கிடைத்து, வயதான ஹீ-டோ அந்தச் சுரங்கப்பாதையில் நின்று, அன்று பேசியிருக்க வேண்டியதை மனசுக்குள் பேசிப் பார்க்கிறாள். உண்மையில் நடந்தது கேவலமான ஒரு சண்டை. "நிஜத்தில் நடக்காத குட்பையைக் காட்டி எங்களை ஏமாத்தாதீங்க" என்று இதற்கும் எதிர்ப்பு. ஏமாற்று வேலையாக எனக்குத் தெரியவில்லை. நாம ராத்திரி ஒரு மணிக்கு, அனுப்பாத மெசேஜை டைப் பண்ணி, படிச்சுப் பார்த்து, அழிக்கிறோமே, அதேதான்.

கோபம் தணிஞ்சிருந்தா ஒண்ணு பண்ணுங்க. எல்லாம் நெட்ஃபிளிக்ஸில்தான் இருக்கு. முடிவு தெரிஞ்ச கண்ணோட, ரெண்டாவது எபிசோடுல வர்ற அந்தக் குழாய் சீனை மட்டும் இன்னொரு தடவை பாருங்க. டிஷ்யூ பக்கத்துல இருக்கட்டும்.