649 ரூபாய் கால்மிதியும் கதவுக்கு அடியில் இருக்கிற இடைவெளியும்

இந்த வாரம் எஸ்ஐபி பத்தி எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்குப் பேசப்போறது பாத்ரூம் வாசல்ல போடுற கால்மிதியைப் பத்தி.

காரணம் இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி நம்ம சேனல்ல ஒரு வீடியோவில், "ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இருக்கிற பொருளுக்கு அரை மணி நேரம் யோசிக்காதீங்க, உங்க நேரத்துக்கு அதைவிட மதிப்பு அதிகம்" என்று சொல்லியிருந்தேன். நிறைய பேர் அதைப் பிடிச்சுக்கிட்டீங்க. இன்னமும் யாராவது அதை எனக்கே திருப்பிச் சொல்றாங்க. அந்த அறிவுரையில பாதியை இப்போ வாபஸ் வாங்குறேன்.

எங்க வீடு குடவாசல்ல. கும்பகோணத்துல இருந்து திருவாரூர் பஸ்ல போனவங்களுக்கு ஊர் தெரியும். பழைய ஓட்டு வீடு, குளியலறை கொல்லைப்புறத்துல. அப்பாவுக்கு எழுபது நெருங்கினதும், ராத்திரி இருட்டுல மழையில கொல்லைக்குப் போக வேண்டாம்னு கூடத்தை ஒட்டியே ஒரு பாத்ரூம் கட்டினேன். அப்போ நான் எடுத்த ஒரு முடிவு இன்னைக்கும் சரின்னுதான் நினைக்கிறேன். கதவு வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி வச்சோம். பெரியவங்க உள்ளே விழுந்துட்டா, உள்பக்கம் திறக்கிற கதவை அவங்க உடம்பே அடைச்சுக்கும். வெளிப்பக்கம் திறந்தா அந்தச் சிக்கல் இல்லை. உங்க வீட்டுல பாத்ரூம் கட்டப்போறீங்கன்னா இதைக் கொத்தனார்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க.

அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு கூடத்துக்கு டைல்ஸ் போட்டோம். பழைய சிமென்ட் தரையை உடைக்காம அது மேலேயே ஒட்டினாங்க. தரை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்ந்தது. கதவுக்கு அடியில தாராளமா இருந்த இடைவெளி விரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கிப்போச்சு. கதவு திறந்து மூடுச்சு, அதனால யாரும் கண்டுக்கலை.

கொல்லையில குளிச்ச காலத்துல அம்மா வாசல்ல போட்டு வச்சது நெல் சாக்கு. கிழிஞ்ச கோணிச்சாக்கை நாலா மடிச்சா முடிஞ்சது. சணல் நல்லா ஈரம் இழுக்கும், மெல்லிசா இருக்கும், காசு கிடையாது. நெல் விளையற ஊர்ல சாக்குக்கா பஞ்சம்? அதே சாக்கைத்தான் புது பாத்ரூமுக்கும் கொண்டுவந்து போட்டாங்க. சொரசொரப்பான சிமென்ட்ல அசையாம கிடந்த சாக்கு, பளபளக்கிற டைல்ஸ்ல சறுக்க ஆரம்பிச்சது. தீபாவளிக்குப் போனப்ப அதைப் பார்த்துட்டு, சென்னைக்குத் திரும்புற பஸ்லயே போன்ல ஒரு மெமரி ஃபோம் மேட் ஆர்டர் போட்டேன். 649 ரூபாய். நாலரை ஸ்டார். மொத்தம் மூணு நிமிஷம் ஆகியிருக்கும். என் அறிவுரையை நானே அப்படியே பின்பற்றினேன்.

அந்த மேட் கிட்டத்தட்ட ரெண்டு சென்டிமீட்டர் தடிமன். கதவுக்கு அடியில் இருந்தது சில மில்லிமீட்டர்.

என்ன நடந்திருக்கும்னு யோசிங்க. கதவைத் திறந்தா மேட் கதவோட சேர்ந்து இழுபட்டு சுருண்டுக்கும். அதனால அம்மா ஒவ்வொரு தடவையும் காலால மேட்டை ஒதுக்கிட்டுக் கதவைத் திறப்பாங்க, வெளியே வந்ததும் காலால இழுத்துப் போட்டுக்குவாங்க. ஒரு நாளைக்கு எத்தனை முறை! கொஞ்ச நாள் இப்படியே ஓடியிருக்கு. "மேட் எப்படிம்மா இருக்கு?"ன்னு போன்ல கேட்டேன். "நல்லா மெத்துன்னு இருக்குப்பா"ன்னாங்க.

நவம்பர் முதல் வாரம் விடிகாலை நாலரை மணிக்கு அப்பா எழுந்து போயிருக்கார். கதவுல மாட்டி மடிஞ்சு கிடந்த ஓரத்துல கால் தடுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு எலும்புல விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. இடுப்பு தப்பிச்சதுன்னு டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல, உலகம் முழுக்க வருஷத்துக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் கீழே விழுந்து சாகறாங்க, அதுல அறுபது தாண்டினவங்கதான் அதிகம். இந்த எண்ணை முன்னாடியும் படிச்சிருக்கேன். அது வேற யாருக்கோன்னு தாண்டிப் போயிருக்கேன்.

கும்பகோணத்துக்குப் போய் எக்ஸ்ரே, கட்டு, அப்புறம் பிசியோதெரபின்னு எல்லாம் சேர்த்து 9,800 ரூபாய். எனக்கு மூணு நாள் லீவு. அதைவிட, சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு நவம்பர் கெடு நெருங்கிக்கிட்டிருந்த நேரம் அது. எழுத வேண்டிய கை கட்டுல இருந்ததால அப்பா இடது கைப் பெருவிரல் ரேகை வச்சார். ஐம்பது வருஷமா கையெழுத்துப் போட்ட மனுஷன். வழியெல்லாம் பேசவே இல்லை. வயலுக்குக் காப்பீடு ஆச்சு, கைக்கு ஆகலைன்னு எனக்கு மட்டும் ஓடிக்கிட்டிருந்தது.

ஆமா, அப்பா அம்மாவுக்கு நான் ஹெல்த் பாலிசி எடுத்திருக்கேன். ஆனா கட்டுப் போட்டு அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மருத்துவமனையில் அட்மிட் ஆகலை, அதனால எங்க பாலிசியில் ஒரு பைசா வரலை. இது பாலிசிக்காரங்க தப்பு இல்லை, நான் வாங்கினது அந்த மாதிரி பாலிசி. வெளிநோயாளி செலவு உங்க பாலிசியில் சேருமான்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க. இன்னொரு விஷயம், பழைய வரி முறையில் இருக்கிறவங்களுக்கு மட்டும்: அறுபது வயசு தாண்டின பெற்றோருக்கு பாலிசியே இல்லைன்னா, அவங்க மருத்துவச் செலவை 80டி கழிவுல 50,000 ரூபாய் வரைக்கும் காட்டலாம். ஆனா ரொக்கமா கட்டினா செல்லாது, யுபிஐ அல்லது கார்டுல கட்டுங்க. புதிய வரி முறையில இந்தக் கழிவு கிடையாது. எனக்கும் பாலிசி இருந்ததால இது கிடைக்கலை.

கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த அன்னைக்கு ராத்திரிதான் அம்மா வாயைத் திறந்தாங்க. மேட் வந்த முதல் நாளே கதவுல மாட்டுச்சாம். "அப்பவே சொல்லியிருந்தா திருப்பி அனுப்பியிருப்பேனேம்மா?" "நீ ஆசையா வாங்கி அனுப்பினது. அதை எப்படிப்பா வேணாம்னு சொல்றது?"

ஏழு நாள்ல திருப்பிக்கலாம்னு ஆப்புல போட்டிருந்தது. சென்னையில உட்கார்ந்திருக்கிற நமக்கு அது ஒரு பட்டன். ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு, பையன் மனசு நோகுமோங்கிற கேள்வி. ஊருக்கு நாம அனுப்புற பொருளுக்கு நிஜத்துல ரிட்டர்ன் கிடையாதுன்னு வச்சுக்கிட்டே வாங்குங்க. மிக்ஸி, ஸ்மார்ட் டிவி, காலுக்கு மசாஜ் மெஷின், எதுவா இருந்தாலும். பிடிக்கலைன்னு சொல்ல மாட்டாங்க. ஒதுக்கி ஒதுக்கி வச்சு வாழ்ந்துக்குவாங்க.

வெட்கமான விஷயம், அதுக்கப்புறமும் நான் திருந்தலை. பதற்றத்துல "ஸ்லிம்" என்று போட்டிருந்த ஒரு மேட் 899 ரூபாய்க்கு வாங்கினேன். விலை கூட, அதனால தரமா இருக்கும்னு ஒரு நினைப்பு. அதுவும் மாட்டுச்சு. ஸ்லிம்னா எத்தனை மில்லிமீட்டர்னு அந்தப் பக்கத்துல எங்கேயுமே இல்லை.

அப்புறம்தான் அளந்தேன். எப்படின்னு சொல்றேன், உங்க பர்ஸ்லயே அளவுகோல் இருக்கு. டெபிட் கார்டு, கிரெடிட் கார்டு எல்லாம் ஐஎஸ்ஓ 7810 என்ற ஒரே அளவுல செய்றது. தடிமன் 0.76 மில்லிமீட்டர். கார்டுகளை அடுக்கி கதவுக்கு அடியில் நுழைச்சுப் பாருங்க, எத்தனை கார்டு சிக்காம நுழையுதோ அதை 0.76ஆல் பெருக்குங்க. (எண்கள் புடைச்சுக்கிட்டு இருக்கிற பழைய கார்டு வேண்டாம். எட்டு கார்டு இல்லாதவங்க சந்தோஷப்படுங்க, அது நல்ல விஷயம். வீட்டுல எல்லார்கிட்டயும் வாங்கி அடுக்குங்க.)

எங்க வீட்டுல கீல் பக்கம் 12 கார்டு போச்சு, அதாவது 9 மில்லிமீட்டர். கைப்பிடிப் பக்கம் 8 கார்டுதான், 6 மில்லிமீட்டர். தன் எடையில கதவு கைப்பிடிப் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஒரு இடத்துல மட்டும் அளந்தா ஏமாந்துடுவோம். மூடியிருக்கும்போது, பாதி திறந்து, முழுசா திறந்துன்னு மூணு நிலையிலயும் அளக்கணும், ஏன்னா தரையும் மட்டமா இருக்காது. இருக்கிறதுலயே சின்ன எண்தான் உங்க எண். அதுலயும் ஒரு மில்லிமீட்டர் விட்டுடுங்க. துவைச்சதும் பருத்தி நூல் கொஞ்சம் உப்பும்.

ஆக, எனக்கு வேண்டியது 5 மில்லிமீட்டர். இப்போ ஆன்லைன்ல தேடினா இன்னொரு வேடிக்கை. தடிமனைச் சொல்லாம ஜிஎஸ்எம் சொல்வாங்க. அது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கிற கணக்கு. 40க்கு 60 சென்டிமீட்டர் மேட்னா 0.24 சதுர மீட்டர். 900 ஜிஎஸ்எம்னா அதோட எடை 216 கிராம் இருக்கணும். எடை போட்டிருந்தா பெருக்கிப் பாருங்க, சொன்னது உண்மையான்னு தெரிஞ்சுடும். ஆனா எடையை வச்சுத் தடிமன் கண்டுபிடிக்க முடியாது. நெருக்கமா நெய்த மெல்லிசு மேட்டும், நீள நூல் தொங்குற புசுபுசு மேட்டும் ஒரே எடை இருக்கலாம். மெமரி ஃபோம், புழு மாதிரி நூல் தொங்குற மைக்ரோஃபைபர், தேங்காய் நார் இது மூணையும் தாழ்ந்த கதவுக்கு யோசிக்கவே வேண்டாம். ஃபோம்ல வேற ஒரு தொல்லை, ஐப்பசி கார்த்திகை மழையில காயவே காயாது, நாற்றம் எடுக்கும்.

கடைசியில கார்டுக் கட்டோட கும்பகோணம் கடைத்தெருவுக்குப் போனேன். கரூர்ல நெய்த பருத்தி டெர்ரி மேட், பெரிய துண்டு மாதிரி, கொஞ்சம் கனமா. வீட்டு உபயோகத் துணிக்குக் கரூர் பேர்போன ஊர், வெளிநாட்டுக்கெல்லாம் போகுது. ஆனா கடைக்காரர் அதை அடியில் எங்கேயோ வச்சிருந்தார். மேலே இருந்தது எல்லாம் புசுபுசு. "யாரும் இதைக் கேக்கறதில்லை சார், மெத்துன்னு இருக்கிறதைத்தான் கேக்கறாங்க" என்றார். நாலா மடிச்சு அமுக்கி, பக்கத்துல கார்டுகளை அடுக்கி அளந்தேன். 14 மில்லிமீட்டர், அதாவது ஒரு மடிப்பு மூன்றரை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஒண்ணு 160 ரூபாய்.

மூணு வாங்கினேன், மழைக்காலத்துல ஒண்ணு காயறதுக்கு ரெண்டு நாள் ஆகும். 480. அடியில சறுக்காம இருக்க வலை மாதிரி ஒரு ரப்பர் விரிப்பு, ஒன்றரை மில்லிமீட்டர், 130 ரூபாய். மொத்தம் 610. முன்னாடி தூக்கிப் போட்டது 649ம் 899ம் சேர்த்து 1,548. ஆனா பாருங்க, இந்த 1,548 ரூபாய்க்காக நான் இந்தப் பதிவை எழுதலை. அந்தக் காசு போனா போகட்டும்.

என் பழைய அறிவுரையில எது தப்புன்னா, நான் விலையை மட்டும் வச்சு வரம்பு போட்டேன். பொருள் தப்பா அமைஞ்சா என்ன ஆகும்ங்கிறதைக் கணக்குலயே எடுக்கலை. நாலாயிரம் ரூபாய் ஷூ பிடிக்கலைன்னா, நாலாயிரம் போச்சு, அவ்வளவுதான். அதுக்கு மூணு நாள் ரிவ்யூ படிக்கிறோம். கேஸ் அடுப்பு டியூப் சில நூறு ரூபாய்தான், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். உங்க வீட்டு டியூப்ல என்ன வருஷம் அச்சடிச்சிருக்குன்னு தெரியுமா? ஹெல்மெட் பட்டை, ஹீட்டருக்குப் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மாடிப்படி பல்பு, எல்லாமே ஆயிரத்துக்குள்ளதான். நான் "யோசிக்காதீங்க"ன்னு சொன்ன பட்டியல்லதான் இதெல்லாம் வருது. பேனாவுக்கும் டிபன் பாக்ஸுக்கும் யோசிக்க வேண்டாம், அதை இப்பவும் சொல்றேன்.

ஃபண்ட்ல அரை சதவீதம் செலவு விகிதம் கூடக் குறைய இருந்தா எனக்கு மெயில் போடுறீங்க. நல்லது, போடுங்க. அதே கண்ணோட ஊர்ல இருக்கிற பாத்ரூம் வாசலையும் ஒரு தடவை பாருங்கன்னுதான் கேக்கறேன்.

இந்தக் கதையை நண்பர்கள்கிட்ட சொன்னப்ப எல்லாரும் ஒரே கேள்வி கேட்டாங்க: கதவோட அடியை அறுத்துட்டா என்ன? தாராளமா செய்யலாம், கதவு எதுல செஞ்சதுன்னு பார்த்துட்டு. உள்ளே கூடா இருக்கிற பிவிசி கதவை அறுத்தா அடி திறந்துக்கும், தண்ணி ஏறும். ஃப்ளஷ் டோர்னா அறுத்த இடத்துல பிரைமரும் பெயின்ட்டும் அடிக்காம விட்டா ரெண்டு மழையில ஊறி உப்பிடும். நல்ல மரக்கதவுன்னா கார்பெண்டர் அரை மணி நேரத்துல இழைச்சுக் கொடுத்துடுவார். எங்க வீட்டுது பிவிசி. அதனால அறுக்கலை, மேட்டைத்தான் மாத்தினோம். கைப்பிடிப் பக்கம் இறங்கியிருந்ததுக்கு மேல் கீல் ஸ்க்ரூவை மாத்திப் போட்டதுல இப்போ 9 கார்டு போகுது.