அறுவைக்கு முன்பே அறிய வேண்டும்

மார்பகத்தில் தோன்றும் கட்டிகள் எல்லாம் புற்றுநோய் அல்ல. மார்பகப் புற்றுநோய்கள் எல்லாம் ஒரே நோயும் அல்ல. இவற்றில் இரண்டாவது உண்மைக்கு நமது சுகாதாரத் திட்டங்கள் உரிய இடம் தரவில்லை.

'ஃபில்லோட்ஸ்' என்ற கட்டியை எடுத்துக்கொள்வோம். மார்பகக் கட்டிகளில் இது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இலை போன்ற அதன் அமைப்பைக் கண்டு 1838-இல் ஜெர்மானிய மருத்துவர் யோகன்னஸ் முல்லர் இப்பெயரைச் சூட்டினார். சாதாரண நார்க்கட்டியைப் போலவே தொட்டால் நழுவும். ஊசி மூலம் எடுக்கும் சிறு திசு, பல நேரங்களில் இரண்டையும் பிரித்துக் காட்டாது. கட்டி வேகமாக வளர்வதே முக்கிய எச்சரிக்கை.

நார்க்கட்டி என்று கருதிக் கட்டியை மட்டும் அகற்றினால், தீய வகை மீண்டும் வளரக்கூடும். ரத்தத்தின் வழியே நுரையீரலையும் எட்டக்கூடும். சுற்றியுள்ள நல்ல திசுவையும் போதிய அளவு சேர்த்து அகற்றுவதே உரிய சிகிச்சை. மாறாக, வழக்கமான மார்பகப் புற்றுநோய் என்று கருதினால், பெரும்பாலும் தேவைப்படாத அக்குள் அறுவையும், பயனற்ற ஹார்மோன் மாத்திரைகளும் நோயாளியின் தலையில் விழும்.

1997-இல் மைசூரிலிருந்து பிரிந்த சாமராஜநகர் மாவட்டத்தின் எல்லையோரம், தமிழர்கள் பெருமளவில் வாழும் மார்டள்ளி போன்ற ஊர்களை நினைத்துப் பார்க்க வேண்டும். மைசூர் 100 கி.மீ.க்கும் அப்பால், பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை அதைவிடத் தொலைவு. பரிசோதனைக்கு ஒரு பயணம், முடிவு அறிய ஒரு பயணம், மறு அறுவைக்கு இன்னொரு பயணம் என்றால் கூலித் தொழிலாளர் குடும்பம் என்ன செய்யும்?

புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்குமாறு 2022-இல் நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்தது. மூன்று ஆண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமையும் என 2025-26 பட்ஜெட் அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், நோய் இன்னதென்று தெரிந்த பிறகே அம்மையங்களால் பயன். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் ரூ.5 லட்சம் காப்பீடும் உள்நோயாளிகளுக்கானது. புறநோயாளியாக அலையும் செலவை அது ஏற்பதில்லை.

அரிதான நோய்க்குத் தனித் திட்டமா என்று நிதியமைச்சகம் கேட்கலாம். தனித் திட்டம் தேவையில்லை. அகற்றப்படும் ஒவ்வொரு மார்பகக் கட்டியும் நுண்ணோக்கிப் பரிசோதனைக்குச் செல்வதைக் கட்டாயமாக்க வேண்டும். ஐயத்துக்குரிய திசுவின் படங்களை, 2012-இல் உருவான தேசிய புற்றுநோய் கட்டமைப்பின் வல்லுநர்களுக்கு மாவட்ட மருத்துவமனையிலிருந்தே அனுப்ப வழிசெய்ய வேண்டும். நோயாளி பயணம் செய்வதற்குப் பதில் படம் பயணம் செய்யட்டும். வரும் கூட்டத்தொடரில் இதை வலியுறுத்த வேண்டியது எல்லையோரத் தொகுதிகளின் உறுப்பினர்களது கடமை.